வடகடலும் தென்கடலும்: இராமநாதபுரம் கரையில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டிப் பக்கங்களில் நடக்கும் ஊர்க் கூட்டங்களுக்கும் பள்ளிகளுக்கும் கடல் பாதுகாப்பைப் பற்றிப் பேசப் போகும்போதெல்லாம், ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வாய்ச்சொல் கெடாமல் எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே தருகிறேன். எளிய கேள்விகள் முன்னால் இருக்கின்றன. விவகாரமானவை பின்னால் வருகின்றன.

மன்னார் வளைகுடா, பாக் விரிகுடான்னு ரெண்டு பேர் சொல்றீங்க. நமக்கு எல்லாம் ஒரே கடல்தானே?

தண்ணீர் ஒன்றுதான் என்றாலும் கடலுக்குப் போகிறவர்கள் யாரும் இரண்டையும் ஒன்றாகக் கருதியதில்லை. இராமேஸ்வரம் தீவும் அதைத் தொடர்ந்த மணல்திட்டுகளும் குறுக்கே கிடப்பதால், வடக்கே உள்ளதை வடகடல் என்றும் தெற்கே உள்ளதைத் தென்கடல் என்றும் நம் ஊர்களில் சொல்கிறோம். வடகடல் பாக் விரிகுடா. பெரும்பாலான இடங்களில் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குமேல் ஆழமில்லாத, சேறும் மணலும் கலந்த அடித்தரை கொண்ட கடல். தென்கடல் மன்னார் வளைகுடா. கரையோரம் தீவுகளும் பவளப்பார்களும் வரிசையாகக் கிடக்க, அவற்றைத் தாண்டியதும் ஆழம் கூடிவிடும் கடல்.

வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வந்தால் இது தலைகீழாகும். பாம்பன், மண்டபத்துச் சிறு படகுக்காரர்கள் காற்றைப் பார்த்துக் கரை மாறித் தொழில் செய்வது இதனால்தான். கடற்புல் வெளிகள் வடகடலில் அதிகம், பவளப்பார்கள் தென்கடலில் அதிகம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் பதில்கள் எளிதில் விளங்கும்.

ஒருத்தர் தேசியப் பூங்காங்கிறார், இன்னொருத்தர் உயிர்க்கோளக் காப்பகங்கிறார். எது எது?

இரண்டும் வெவ்வேறு. பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தது. இதற்குள் அனுமதியின்றி இறங்குவதும் தொழில் செய்வதும் குற்றமாகும். அந்தப் பூங்காவையும் அதற்கு வெளியே உள்ள கடலையும் கரையோர ஊர்களையும் உட்படுத்தி, 10,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள உயிர்க்கோளக் காப்பகம் 1989-இல் அறிவிக்கப்பட்டது. 2001-இல் யுனெஸ்கோவும் அதை ஏற்றது. காப்பகப் பகுதி முழுவதும் மீன்பிடிக்கத் தடை என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி இல்லை. மக்கள் வாழ்ந்துகொண்டும் தொழில் செய்துகொண்டும் இயற்கையைக் காக்க வேண்டிய பரப்பு என்பதுதான் உயிர்க்கோளக் காப்பகத்தின் பொருள்.

மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என்று தீவுகளை நான்கு கூட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். குருசடை, மனோலி, முயல் தீவு ஆகியவை மண்டபம் கூட்டத்தைச் சேர்ந்தவை. அப்பா தீவு, வாலைத் தீவு, முல்லித் தீவு ஆகியவை கீழக்கரைக் கூட்டத்தைச் சேர்ந்தவை. 21 என்பது ஏட்டுக்கணக்கு. கீழக்கரைக் கூட்டத்துப் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிக் கூட்டத்து விலாங்குச்சல்லியும் கடலுக்குள் மூழ்கிவிட்டன.

பவளப்பாறைங்கிறது கல்லா, செடியா, உயிரா?

கல்லாகத் தெரிவது கூடு; அதைக் கட்டுவது உயிர். அரிசி மணியிலிருந்து விரல்நுனி வரை பருமனுள்ள, இழுதுமீனுக்கு உறவான சிற்றுயிர்கள் பல்லாயிரக்கணக்கில் ஒட்டி வாழ்ந்து, கடல்நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தங்களைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்கின்றன. அவற்றின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி குடியிருக்கிறது. அந்தப் பாசி வெயிலைக் கொண்டு உணவு சமைத்துப் பவள உயிருக்குப் பங்கு தருகிறது. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் அந்தப் பாசியால் வருவதே. தண்ணீர் கலங்கி வெயில் இறங்காவிட்டால் பார் ஏன் சாகிறது என்பது இதிலிருந்து விளங்கும். மன்னார் வளைகுடாவில் 117 வகைப் பவளங்கள் பதிவாகியுள்ளன.

எங்க தாத்தா காலத்துல வீடு கட்டவே பார்க்கல்லைத்தான் வெட்டி எடுத்தாங்க. அப்ப இல்லாத குற்றம் இப்ப எங்கேருந்து வந்தது?

உண்மைதான். தனுஷ்கோடியில் 1964 புயலுக்குத் தப்பி நிற்கும் தேவாலயச் சுவரின் அருகே சென்று பாருங்கள். காரை உதிர்ந்த இடங்களில் கல்லின்மேல் நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியும் ஓர் உயிர் வாழ்ந்த அறை. ஊருக்கு நாலு வீடு கட்டிய காலத்தில் அந்த இழப்பைக் கடல் தாங்கியது. பின்னர் சுண்ணாம்புக் காளவாசல்களுக்கும் ஆலைகளுக்கும் படகு படகாக வெட்டி ஏற்றத் தொடங்கியபோதுதான், பார் வளரும் வேகத்தைவிட அது கரையேறும் வேகம் பல மடங்கானது.

பார் என்பது தீவுக்கு மதில். அலையின் வேகத்தை அது வாங்கிக்கொள்வதால்தான் மணல் அரிக்கப்படாமல் நிற்கிறது. முன்னே சொன்ன இரண்டு தீவுகளும் மூழ்கியதற்கு, அவற்றைச் சுற்றியிருந்த பார்களை வெட்டி எடுத்ததே முதன்மையான காரணமாகச் சொல்லப்படுகிறது. 2001-இல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்தன. 2005-வாக்கில் வெட்டுவது ஏறக்குறைய நின்றது. சட்டமும் கண்காணிப்பும் இதில் பலன் தந்திருக்கின்றன என்பதைச் சொல்லியாக வேண்டும்.

வெளுத்துப்போன பார் மறுபடி உயிர் பெறுமா?

பெறும், சூடு சீக்கிரம் தணிந்தால். கோடையில் கடல்நீர் வழக்கத்துக்கு மீறிச் சூடேறும்போது பவள உயிர் தன்னுள் குடியிருக்கும் நுண்பாசியை வெளியேற்றிவிடுகிறது. பாசி போனதும் நிறமும் போய் வெள்ளைக் கூடு தெரிகிறது. வெளுத்த பார் பட்டினி கிடக்கிறதே தவிர, அதற்குள் செத்துவிடவில்லை. சில வாரங்களில் தண்ணீர் குளிர்ந்தால் பாசி திரும்பும். குளிராவிட்டால் கூட்டின்மேல் வேறு பாசி படர்ந்து அது வெறுங்கல்லாகிவிடும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் பெரிய வெளுப்புகள் நேர்ந்தன.

தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல், உடைந்து கிடக்கும் உயிர்ப்பவளத் துண்டுகளைச் சிமெண்ட் தளங்களில் கட்டி வளர்த்து, அழிந்த பார்களில் நட்டு வருகிறார்கள். நாற்றங்கால் போட்டு நடவு செய்வதைப் போன்ற வேலை அது. மூச்சுக்கருவியோடு மூழ்கி, ஒவ்வொரு துண்டாகக் கட்ட வேண்டும். ஆனால் வேகமாக வளரும் கிளைப்பவளம்கூட ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரே நீளும். உருண்டைப் பவளம் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். நட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் இருப்பதை இழக்க முடியாது.

முப்பது வருசமா கடலுக்குப் போறேன். ஒரு கடல்பசுவைக்கூடப் பார்த்ததில்லை. உண்மையிலேயே இருக்கா?

இருக்கிறது, ஆனால் நாடு முழுவதும் சேர்த்தே சில நூறுக்குமேல் இராது என்பதுதான் ஆய்வாளர்களின் மதிப்பீடு. நம் பகுதியின் பெரியவர்கள் அதை ஆவுளியா என்று சொல்வார்கள். அது மீனன்று, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் உயிர். ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அதனால் ஆண்டுக்கு நாலைந்து வலையில் மாட்டிச் செத்தாலும், அந்த இழப்பு ஈடாகப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

அதைப் பார்க்காதவர்களும் அதன் தடத்தைப் பார்த்திருப்பார்கள். தெளிந்த நாளில் கடற்புல் வெளிமேல் படகு போகும்போது, புல்லின் நடுவே ஒரு சாண் அகலத்தில் ஒற்றையடிப் பாதைபோல வெறும் மணல் கோடு வளைந்து வளைந்து போகும். ஆவுளியா வேரோடு மேய்ந்து போன வழி அது. ஒரு நாளைக்கு 30 முதல் 40 கிலோ வரை புல் தின்கிறது. அது மேய்ந்த இடத்தில் மண் கிளறப்பட்டு இளம்புல் முளைக்கிறது. அந்தப் புல்லுக்குள்தான் இறாலும் நண்டும் ஓராவும் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கின்றன. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய வடகடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் கடல்பசுக் காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடல்பசுவுக்கென அமைந்த முதல் காப்பகம் அது. எல்லைக்கோடு தொண்டிக்கு வடக்கே நின்றுவிட்டாலும், கடல்பசுவுக்குக் கோடு தெரியாது.

வலையில கடல்பசு மாட்டிக்கிட்டா கேஸ் எங்க மேலதானே விழும்?

எனக்கு மிகவும் வருத்தம் தரும் கேள்வி இது. ஏனெனில் இந்த அச்சத்தாலேயே உயிரோடு மாட்டிய விலங்கைப் பற்றியும் யாரும் வாய் திறப்பதில்லை. வேட்டையாடுவதும், இறைச்சியை வைத்திருப்பதும் விற்பதும்தான் குற்றம். அதற்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. தவறி மாட்டியதை உயிரோடு விடுவித்தவர்களை வனத்துறை அழைத்துப் பாராட்டி, பணப்பரிசும் தந்திருக்கிறது.

அது நுரையீரலால் மூச்சு விடும் உயிர் என்பதை மறக்கக் கூடாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். ஆகவே முதலில் அதன் மூக்கு நீருக்கு மேல் வரும்படி வலையைத் தூக்கிப் பிடியுங்கள். பிறகு வலையை அறுங்கள். வாலைக் கயிற்றால் கட்டி இழுப்பதோ படகில் ஏற்றுவதோ கூடாது. முடிந்தால் கைப்பேசியில் படம் எடுத்து, கரை திரும்பியதும் தகவல் சொல்லுங்கள். அறுபட்ட வலைக்கு யார் ஈடு தருவார் என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. பரிசு என்று மேடையில் தருவதைவிட, வலையின் விலையைக் காலதாமதமின்றித் தருவதே இன்னும் பல விலங்குகளைக் காக்கும் என்பது என் கருத்து.

கடல் அட்டையை நம்ம ஊர்ல யாரும் தின்கிறதுகூட இல்லை. அதுக்கு ஏன் இத்தனை கெடுபிடி?

நாம் தின்பதில்லை; கிழக்காசிய நாடுகளில் தின்கிறார்கள். அவித்துக் காயவைத்த அட்டைக்கு அங்கே கிடைக்கும் விலைதான் இங்கே அத்தனை பேரையும் இழுத்தது. அட்டை அடித்தரை மணலை விழுங்கி, அதிலுள்ள அழுகலைச் செரித்து, சுத்தமான மணலை வெளியேற்றுகிறது. வயலுக்கு மண்புழு செய்வதைக் கடலுக்கு அது செய்கிறது. 2001 முதல் எல்லா அட்டை வகைகளும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இருக்கின்றன. இலங்கையில் உரிமம் பெற்று எடுக்கவும் வளர்க்கவும் இடமுண்டு என்பதால், இங்கே எடுத்தது அங்கே கடத்தப்பட்டுச் சட்டபூர்வமான சரக்காகிவிடுகிறது.

மூழ்கி அட்டை எடுத்துப் பிழைத்த குடும்பங்கள் ஒரே அறிவிப்பில் தொழிலை இழந்தன என்பதையும் மறைக்கக் கூடாது. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் 1988-இலேயே தூத்துக்குடியில் வெள்ளட்டைக்குக் குஞ்சு பொரிக்கும் முறையைக் கண்டறிந்துவிட்டார்கள். வளர்த்தெடுக்கும் அட்டைக்கு ஒரு வழி, காட்டு அட்டைக்கு முழுத் தடை என்று பிரிக்க வேண்டும் என்னும் மீனவர்களின் கோரிக்கையைக் காது கொடுத்துக் கேட்பதில் தவறில்லை. ஆனால் வளர்ப்பு அட்டை என்ற பெயரில் கடலில் எடுத்தது கலந்துவிடாமல் தடுக்கும் கண்காணிப்பு இல்லாமல் அதைத் திறந்துவிட்டால், மிச்சமிருப்பதும் போய்விடும்.

பாசி எடுக்கிற பொம்பளைங்கதான் பாரை மிதிச்சுக் கெடுக்கிறாங்கன்னு சொல்றாங்களே?

சொல்கிறவர்கள் ஒரு நாளாவது அவர்களோடு தண்ணீரில் நின்று பார்க்க வேண்டும். பாம்பன் சின்னப்பாலத்திலிருந்தோ கீழக்கரைப் பாரதி நகரிலிருந்தோ விடியலில் கிளம்பும் பெண்கள், பத்து விரலிலும் துணிக் கிழிசலைச் சுற்றி நூலால் கட்டிக்கொள்கிறார்கள். பாறை கிழிக்காமல் இருக்கக் காலடியில் தகட்டைக் கட்டிக்கொள்கிறார்கள். கண்ணாடி ஒன்று, இடுப்பில் வலைப்பை ஒன்று. மூச்சை அடக்கி மூழ்கி, ஒரு கொத்துப் பறித்து மேலே வந்து, மறுபடி மூழ்குவார்கள். மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகர் செய்யப் போகின்றன. கட்டக்கோரை அல்ஜினேட் செய்யப் போகிறது. நாம் தின்னும் ஐஸ்கிரீமிலும் விழுங்கும் மாத்திரையிலும் அவர்கள் மூச்சின் பங்கு உண்டு.

தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் வந்தபின், தலைமுறையாகப் போன இடத்துக்கே திருட்டுத்தனமாகப் போக வேண்டிய நிலை அவர்களுக்கு வந்தது. அதை எதிர்த்துப் பேசிய அதே பெண்கள், தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடும் வகுத்துக்கொண்டார்கள்: மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, மீன் சினைப்பிடிக்கும் பருவத்தில் 45 நாள் கடலில் இறங்காமல் இருப்பது, இரும்பால் சுரண்டாமல் கையால் பறிப்பது. வேரைவிட்டுப் பறித்தால்தான் பாசி மறுபடி தழைக்கும் என்பது அவர்களுக்கு யாரும் கற்பித்ததன்று. அவர்களில் ஒருவரான சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீக்காலஜி என்னும் பன்னாட்டு அமைப்பின் விருது கிடைத்தது. பாரை மிதிப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. காலடி பட்டால் கிளைப்பவளம் ஒடியும். அதைத் தவிர்க்கும் வழியை அவர்களோடு உட்கார்ந்துதான் வகுக்க முடியும், அவர்களை விரட்டிவிட்டு வகுக்க முடியாது.

அப்ப வளர்ப்புப் பாசி நல்லதுதானே? கப்பாபைகஸ் போட்டா நல்ல காசு வருது.

காசு வருகிறது என்பது உண்மை. மூங்கில் மிதவையில் கட்டினால் 45 நாளில் அறுவடைக்கு வருகிறது. ஆனால் அது நம் கடற்பாசியன்று, தென்கிழக்கு ஆசியக் கடலிலிருந்து கொண்டுவரப்பட்டது. 2008-இல் குருசடைத் தீவருகே அது பவளத்தின்மேல் படர்ந்து மூடியிருப்பது பதிவாயிற்று. மூடினால் என்னாகும் என்பது பவளத்தைப் பற்றிய பதிலிலேயே இருக்கிறது: வெயில் போகும், உணவு போகும். பார்கள் நெருங்கிய தென்கடலை விட்டு விலகி, பொருத்தமான இடத்தில், கழிந்த துண்டுகளைக் கடலில் விடாமல் வளர்ப்பதே குறைந்தபட்ச ஒழுங்கு. நாட்டுப்பாசி வகைகளை வளர்ப்பதற்கே முதலிடம் தர வேண்டும்.

61 நாள் தடைக்காலம் போதாதா? அதுக்கு மேல நாள் கணக்கு, தூரக் கணக்கு வேற எதுக்கு?

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகுகள் அப்போது கரையில் நிற்கின்றன. மீன் சினைப்பிடிக்க இடைவெளி கிடைக்கிறது. ஆனால் பொரித்த குஞ்சு வளர மீதி பத்து மாதமும் தேவை. அதனால் தமிழ்நாடு கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983, கரையிலிருந்து 3 கடல்மைலை விசைப்படகு அல்லாதவர்களுக்கு ஒதுக்கியது. நம் வடகடலில் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்ற முறை, வலைகள் அறுபட்டுச் சண்டைகள் முற்றிய பிறகு பேச்சுவார்த்தையில் பிறந்தது.

இறங்குதளத்தில் விசைப்படகின் மடியை, அதாவது அடித்தரையோடு இழுத்து வரும் பை வலையை, கொட்டும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன். இறாலையும் கணவாயையும் பொறுக்கி எடுத்தபின் மிஞ்சும் சங்காயக் (கழிவு மீன்) குவியலைக் கையால் கிளறினால், நகக்கண் அளவு நண்டு, விரல் நீள விளைமீன் குஞ்சு, வேரோடு வந்த கடற்புல் எல்லாம் கிடக்கும். கிலோவுக்குச் சொற்ப ரூபாய்க்குக் கோழித்தீவனத்துக்குப் போகிறது. அந்தக் குஞ்சுகள் ஓராண்டு கடலில் இருந்திருந்தால் எத்தனை குடும்பத்துக்குப் பாடு கிடைத்திருக்கும் என்று நாட்டுப்படகுக்காரர் கேட்கும்போது, என்னிடம் மறுமொழி இருப்பதில்லை.

அப்படின்னா விசைப்படகுக்காரன்தான் எல்லாத்துக்கும் காரணம்னு சொல்றீங்களா?

இல்லை. இழுவைமடி அறுபதுகளுக்குப்பின் அரசின் ஊக்கத்தாலும் கடனுதவியாலுமே இங்கே பரவியது. இறாலுக்கு வெளிநாட்டில் விலை இருந்தது. இன்று படகுக்காரர் டீசலுக்கும் வட்டிக்கும் ஓடுகிறார். படகில் வேலை செய்பவருக்குப் பங்குதான் கூலி. இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே மடியை இழுக்கும் இரட்டைமடி போடுவது தடைசெய்யப்பட்டது என்று தெரிந்தும் சிலர் போடுகிறார்கள்; அதில் எனக்குச் சமாதானம் இல்லை. ஆனால் வெளியேற வழி காட்டாமல் வெளியேறச் சொல்வதும் நியாயமன்று.

வழி ஒன்று காட்டப்பட்டது. 2017 ஜூலையில் தொடங்கிய திட்டத்தில், வடகடலின் 2,000 இழுவைப்படகுகளை ஆழ்கடல் சூரைமீன் படகுகளாக மாற்ற இலக்கு வைத்தார்கள். படகின் மதிப்பு 80 லட்சம் ரூபாய். 70 சதவீதம் மானியம், 20 சதவீதம் வங்கிக்கடன், 10 சதவீதம் உரிமையாளர் பங்கு. மாறியவர்கள் இலக்கின் சிறு பகுதியே. மாலையில் போய் மறுநாள் காலையில் திரும்பிப் பழகியவருக்கு, வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி ஆயிரம் தூண்டில் போடுவது வேறொரு தொழில். கையிலிருந்து எட்டு லட்சமும் கடனாகப் பதினாறு லட்சமும் போட்டு, தெரியாத தொழிலில் இறங்கத் தயங்கியவரைக் குறை சொல்ல என்னால் ஆகாது. இதே 2017-இல் இலங்கை தன் கடலில் இழுவைமடியை முற்றிலும் தடை செய்தது. எல்லை தாண்டிப் பிடிபடுவோரின் துயரத்துக்குள்ளும் இந்த மடியின் கேள்விதான் இருக்கிறது.

ஆமை முட்டையைத் தோண்டி வேலிக்குள்ள புதைக்கிறாங்களே, இயற்கையா விட்டா ஆகாதா?

விட்டுவைப்பதே சிறந்தது, விட்டால் பிழைக்கும் என்றால். தனுஷ்கோடிக் கரையில் பங்குனி ஆமை இடும் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை நாயும் நரியும் ஒரே இரவில் தீர்த்துவிடும். அதனால் வனத்துறையினர் விடியும்முன் தடம் பார்த்து எடுத்து, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்கிறார்கள். ஏழெட்டு வாரத்தில் குஞ்சு வெளிவரும். கரையில் பளிச்சென்ற விளக்கு எரிந்தால் அந்த வெளிச்சத்தையே கடல் என்று எண்ணிக் குஞ்சு திசைமாறிப் போகும். கரையோர விடுதிக்காரர்கள் இதை மட்டுமாவது கவனிக்கலாம்.

ராமேஸ்வரத்துக்குச் சாமி கும்பிட வர்றோம். நாங்க என்ன செய்யணும்?

அக்கினி தீர்த்தத்தில் நீராடியபின் உடுத்திய துணியைக் கடலில் விடாதீர்கள். அது மக்காமல் கடற்புல்லிலும் பாரிலும் சுற்றிக்கொள்கிறது. நாட்டுப்படகின் விசிறியிலும் சிக்குகிறது. கடைகளில் பவளத் துண்டு, கடல்குதிரை எதையும் வாங்காதீர்கள். இரண்டும் சட்டப்படி குற்றம். தனுஷ்கோடியில் சாலையை விட்டு மணலில் வண்டி ஓட்டாதீர்கள். அங்கே 524.7 ஹெக்டேர் பரப்பு 2025 ஜூனில் பூநாரைச் சரணாலயமாகியிருக்கிறது. கடலைப் பார்க்க விரும்பினால் காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குப் போங்கள். ஊர்க்காரர்களே படகு ஓட்டிக் காட்டுகிறார்கள்.

தப்பு நடக்கிறதைப் பார்த்தா யார்கிட்ட சொல்றது? சொன்னா என் பேர் வெளிய வருமா?

மன்னார் வளைகுடாவுக்கான வன உயிரினக் காப்பாளர் அலுவலகம் இராமநாதபுரத்தில் இருக்கிறது. மண்டபத்திலும் கீழக்கரையிலும் வனச்சரக அலுவலகங்கள் உண்டு. கடத்தலைக் கண்டால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணுக்கும், கடலில் உயிராபத்து என்றால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்கும் பேசலாம். பேசும்போதே பெயரை வெளியிட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சிறிய ஊர்களில் யார் சொன்னார் என்பதை ஊகித்துவிடுவார்கள் என்ற கவலை எனக்கும் தெரியும். அதற்குத்தான் சில ஊர்களில் தனியாள் பேசாமல் ஊர்க்கமிட்டி பெயரில் தகவல் தருகிறார்கள். எந்த இடம், எந்தத் தீவுக்கு எந்தப் பக்கம், எத்தனை மணி, படகின் நிறம், பதிவெண் ஆகிய ஐந்தும் இருந்தால் போதும்.